அத்தானின் சர்வரும் அக்காவின் குரலும்

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் எழுத்து அறையை அக்கா பிடித்துக்கொண்டாள். சமையலறை மேடையில் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

அக்கா ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். வீட்டிலேயே பதிவு செய்வாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எந்த அலுவலகமோ கழித்துக்கட்டிய பெரிய சர்வர் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து ஹாலில் வைத்தார். குடும்பப் படங்கள், அக்காவின் பதிவுகள் எல்லாம் அதில் பத்திரம். ஆனால் அதன் விசிறிகள் சீறும் நாகத்தைப் போல

(அடித்துவிட்டேன். மிக்ஸி மாதிரி இரைந்தன, அவ்வளவுதான்.)

பதிவு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "பின்னாடி இரைச்சல் கேக்குது மேடம். இன்னொரு தடவை இப்படி வந்தா வேற குரல் பாத்துக்குறோம்."

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்கையும் வயரையும் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2

அத்தானைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டினால் கதை சூடுபிடிக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. மனிதர் சர்வருக்குப் பதிலாக உண்மையாகவே சின்னக் கம்ப்யூட்டர் தேடினார். தினமும் எனக்குப் போன்.

"மச்சான், உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு. ஒரு பல்பு இழுக்குற கரண்ட் கூட இழுக்காது."

"வாங்குங்க அத்தான்."

"மெமரி கார்டுல ஓடும். கார்டு போச்சுன்னா உங்க அக்கா குரலும் போச்சு."

மறுநாள்: "பழைய ஆபீஸ் மினி பெட்டி ஒண்ணு. டிஸ்க் சேக்கலாம். ஆனா குட்டி ஃபேன் இருக்கு."

"குட்டிதானே?"

"கொசுவும் குட்டிதான்."

அதற்கடுத்து விசிறியே இல்லாத பெட்டி. சூடாகுமோ என்று அதற்கும் இழுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாலும் இப்படித்தான் யோசிப்பீங்களா?"

"அங்க உள்ள இருக்குறவங்க கத்துவாங்க, மச்சான். உடனே கை வேலை செய்யும். உங்க அக்கா கத்தவே இல்லையே. அதான் பயமா இருக்கு."

3

முடிவு ஒன்று: அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். ("இதெல்லாம் எழுதாதீங்க, பலிச்சிடப் போகுது" என்று என் மனைவி தாளைக் கிழித்தாள்.)

முடிவு இரண்டு: திடீரென மின்சாரம் போய், பெரிய சர்வர் ஒரு பெருமூச்சோடு

வேண்டாம். சோம்பேறி முடிவு.

நடந்தது இதுதான். அத்தான் சொன்னதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன.

"ஃபேன் இல்லாததையே வாங்கித் தொலைங்க! சூடானா நான் உக்காந்து விசிறுறேன்!"

மறுமுனையில் அத்தான், அப்பாடா என்று மூச்சுவிட்டது எனக்கே கேட்டது.

4

பெட்டி வந்தது, எல்லாம் அதற்கு மாறியது, அக்கா வீடு திரும்பினாள். முதல் அத்தியாயத்தை வாசித்து முடித்துவிட்டு அறைக் கதவைத் திறந்தாள்.

நாற்காலி கிறீச்சிடும் என்று அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் பேட்டரி கழற்றப்பட்டு அவர் மடியில். ஃப்ரிட்ஜ் பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது; உருகிய ஐஸ் ஹால்வரை ஓடிவந்து அவர் வேட்டியை நனைத்திருந்தது. தும்மலை அடக்கியதில் கண்ணெல்லாம் தண்ணீர்.

அவரைப் பார்த்து அக்கா,

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் என்ன சொன்னாள்? கேட்டால் "போடா" என்கிறாள். அத்தான் கடிகாரத்துக்குப் பேட்டரி போடப் போய்விடுகிறார். நான் எழுதிப் பார்த்த வசனம் ஒன்றும் அவள் வாயில் உட்காரவில்லை.

மைக்கை அவள் அணைக்காமலே எழுந்திருந்தாளாம். அந்த வரி இப்போது சின்னப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பாஸ்வேர்டை அத்தான் யாருக்கும் சொல்வதாக இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.