காதுக்கு எட்டாத விரல்

1

உலகெங்கும் மழலையருக்கு எழுத்தறிவிக்கும் திட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் ஐந்து வயதில் பள்ளி, ஸ்வீடனில் ஏழு என்று இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரி பென்னலூர் கிராமத்துப் பள்ளிக்கு வந்து நின்றுவிட்டது. 1979இல் அங்கே வயதைச் சொன்னது காது. கட்டுரை கதையாகிவிட்டது.

2

பாஞ்சாலி ஏக்கம் ததும்பும் கண்களோடு தலைமையாசிரியரை—

(அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள்.)

பாஞ்சாலி நடவுக்குப் போகிறவள். சின்ன மகள் அம்சவல்லி பால்வாடியில் எழுத்துக் கற்றவள். டீச்சர் கல்யாணமாகிப் போனதும் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள். இன்று அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்காவிட்டால், மூன்றாவது படிக்கும் அக்கா சரோஜா படிப்பை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு" என்றார் தலைமையாசிரியர் சக்ரபாணி.

அம்சவல்லியின் விரல் காதுக்கு மேலேயே நின்றது.

"எட்டலையே பாஞ்சாலி. அடுத்த வருஷம் அழைச்சுண்டு வா."

"எய்த்தெல்லாம் படிக்குது சார். கேட்டுப் பாருங்க."

"படிக்கட்டும். கை எட்டணும்."

"இன்னா சார், கையாலயா படிக்கப் போவுது?"

[இந்தச் சோதனை மூடத்தனமல்ல. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டிக் கை நீண்டு காதைப் பிடிக்கும். பிறந்த தேதியை யாரும் குறித்துவைக்காத ஊருக்குச் செலவில்லாத அளவுகோல். ஒரு குறை உண்டு: வயிறு காய்ந்த பிள்ளைக்குக் கை தாமதமாக வளரும்.]

3

முடிவு ஒன்று: விரலை நானே அரை அங்குலம் நீட்டிவிடலாம். ஆனால் அடுத்த பிள்ளைக்கு யார் நீட்டுவார்கள்?

முடிவு இரண்டு: அம்சவல்லி சுவரிலிருந்த 'குடிநீர்' என்ற சொல்லை வாசிக்கிறாள், சக்ரபாணி கண்கலங்கி—

வாசித்தாள். அவர் கலங்கவில்லை. "சரியாத்தான் படிக்கறா" என்று சேர்க்கைப் பதிவேட்டை இழுத்தார்.

"எப்போ பொறந்தா?"

"நடவு சமயம் சார்."

"எந்த வருஷத்து நடவு?"

"வருசா வருசம் நட்டுகினுதான் கீறேன். எத்தினிய ஞாபகம் வெச்சிக்கிறது?"

4

அக்காலத்தில் தேதி தெரியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒன்றை எழுதிக்கொள்வது வழக்கம். அதாவது சக்ரபாணியும் என்னைப் போலக் கற்பனை செய்கிறவர்தான். ஐந்து வயது முடிந்ததாக எழுதினால் அம்சவல்லி உள்ளே. நாளை மேலதிகாரி வந்து அவள் கையைத் தூக்கச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உண்மை வயது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாசலில் சரோஜா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நிற்கிறாள். வகுப்புக்குள் போவதா, தங்கையோடு வீட்டுக்கா என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

சக்ரபாணி பேனாவைத் திறந்துவிட்டார். வாசிக்கிற நீங்களே ஒரு தேதி சொல்லுங்கள்.