மேல் குழாய்

ரேடியேட்டரின் மேல் குழாயை மாற்றச் சொல்லி ரஹ்மத் பீவி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்துல் குத்தூஸ் ராவுத்தர் மூன்று மாதமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அந்தப் பழைய கறுப்புக் காரை வாங்கி ஆறு வருஷமாகிறது. இன்ஜினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டுச் சொட்ட ஆரம்பித்தபோது, அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினார். டியூபும் சொட்டியபோது சாக்குத் துணியையும் கம்பியையும் சுற்றினார். கடைசியில் அது அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"சண்டை நடக்குது ரஹ்மத்து. ரப்பர் எல்லாம் பட்டாளத்துக்குப் போகுது. குழாய்க்கு எங்க போறது?" என்பார். சண்டை நடப்பது அவளுக்கும் தெரியும். அதற்குமேல் என்ன பேச முடியும்?

இப்போது மகள் ஆசியா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். எட்டாம் மாதம். பஸ்ஸில் கூட்டி வரலாம் என்று ரஹ்மத் பீவி சொன்னாள். சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் கூப்பன்களை எடுத்துக் காட்டினார் ராவுத்தர். "எம் மகளை ஆட்டு மந்தை மாதிரி பஸ்ஸுலயா கூட்டி வருவேன்?"

கொடை ரோடு ஸ்டேஷனில் மகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரத்துக்கு வரும்வரை ஒரு குறையுமில்லை. அங்கே ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி லுஹர் தொழுதார். பிறகு வளைவுகள் தொடங்கின. பண்ணைக்காட்டுப் பிரிவைத் தாண்டி இரண்டு மைல் ஏறியிருப்பார்கள். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி அடைத்துக்கொண்டது.

வண்டி மலையோரமாக ஒதுங்கி நின்றது. ஆசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சத்தத்துக்குப் பயந்துட்டேன்" என்றாள்.

ராவுத்தர் அதற்குள் இறங்கிப் பானெட்டைத் தூக்கியிருந்தார். வலது கையால் அதைத் தாங்கிக்கொண்டு இடது கையைத் துண்டோடு ரேடியேட்டர் மூடிக்குக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க. சூட்டோட திறக்கக் கூடாதுன்னு நல்லசாமி அன்னிக்கே சொன்னாரு" என்றாள் ரஹ்மத் பீவி. நல்லசாமி பஸ் கம்பெனி மெக்கானிக். அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னதையெல்லாம் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டவள் அவள்தான்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி முடிப்பதற்குள் மூடி எகிறிவிட்டது. மிச்சமிருந்த கொதிநீர் அவருடைய இடது கையில் கொட்டியது. மனிதர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பதறிப்போய்த் தண்ணீர் டின்னைத் தேடி எடுத்தாள். காலியாக இருந்தது.

"இதுல இருந்த தண்ணி எங்க?"

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலு செஞ்சேன்" என்றார் வலியோடு.

"ஒரு டின் தண்ணியையுமா?"

அவர் வெந்த கையை ஊதிக்கொண்டார். அல்லாவுக்காகச் செலவழித்ததைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போது காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து விறகுச் சுமையோடு ஒருத்தி வந்தாள். பேர் வீரம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது. வண்டியையும் ராவுத்தரின் கையையும் ஆசியாவின் வயிற்றையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சுமையை இறக்கினாள்.

"அடுத்த வளைவுல ஓடை கெடக்கும்மா. டின்னைக் கொடுங்க, வெரசா வந்துருவேன்."

முதல் டின் தண்ணீர் ராவுத்தரின் கைக்கே போனது. இரண்டாவது டின் வருவதற்குள், கையில் சுற்றத் துணி தேடி, ஆசியாவை முன் ஸீட்டுக்கு மாற்றிவிட்டு ரஹ்மத் பீவி பின் ஸீட்டைத் தூக்கினாள். அடியில் ஸ்பானர், திருப்புளி, பழைய செருப்பு ஒன்று. அவற்றுக்கும் கீழே அவளுடைய கிழிந்த புடவைத் துண்டில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்தாள். புத்தம் புதிய ரப்பர் குழாய். இரண்டு கிளிப்புகளும் கூட இருந்தன.

அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும். மதுரையில கெடச்சுது."

"பிறகு ஏன் மாட்டல?"

"கெடைக்காத சாமான் ரஹ்மத்து. பழசு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு பார்த்தேன். இதை இப்பவே மாட்டித் தேய்ச்சிட்டா, நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன பண்றது?"

ஆசியா காருக்குள்ளிருந்து, "அம்மா, பேசாம இரும்மா" என்றாள். பேசாமல் இருப்பதுதான் தாய்க்கு முடிகிற காரியமாக இல்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும். மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார்கள். பழைய கிளிப்புகள் துருவேறி அசையவில்லை. ராவுத்தர், "இடப்பக்கம் திருப்பு, இடப்பக்கம்" என்று தரையில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் இடப்பக்கம்தான் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் கழன்றும் குழாய் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வீரம்மாள் தன் அரிவாளால் அதை நீளவாக்கில் கீறி, காய்ந்த தோலை உரிப்பது போல உரித்தெடுத்தாள்.

புதுக் குழாய் உள்ளே ஏறவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். வியர்த்ததுதான் மிச்சம்.

"சோப்புத் தடவிப் பாரேன்" என்றாள் ஆசியா. மாமியார் கொடுத்தனுப்பிய வாசனை சோப்பு அவள் பெட்டியில் இருந்தது. அதை நனைத்துக் குழாயின் வாய்க்குள் தடவியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. ரஹ்மத் பீவி கிளிப்புகளை இறுக்கினாள். வீரம்மாள் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசியா அந்தச் சோப்பை வீரம்மாளிடமே கொடுத்துவிட்டாள். அவள் அதை முகர்ந்து பார்த்து முந்தியில் முடிந்துகொண்டு, சுமையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ராவுத்தரால் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது. கியர் போட இடது கை உதவவில்லை. அதனால் ரஹ்மத் பீவி முன் ஸீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லும்போதெல்லாம் கியர்க் கம்பியைத் தள்ளினாள். ஒவ்வொரு வளைவிலும் அது நறநறவென்று கடித்தது.

"மெதுவாப் போடு. கியர் தேஞ்சிரும்."

"தேயட்டும். புதுசு எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பீங்க."

பின்னால் ஆசியா சிரித்தாள். ராவுத்தருக்கும் சிரிப்பு வந்தது. ரஹ்மத் பீவிக்கு மட்டும் வரவில்லை. மசியும் கிரீஸும் படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றை ஒழுங்காகச் செய்து முடித்தது உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு இல்லை.

பெருமாள் மலை தாண்டியதும் குளிர் ஏறியது. பிறகு ரஹ்மத் பீவிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இதே மாதிரி கீழயும் ஒரு குழாய் இருக்கில்ல?"

"இருக்கு."

"அதுவும் துரை காலத்துக் குழாய்தானே?"

"ஆமா. அது இன்னும் ஆறு மாசம் தாங்கும்."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மதுரையில ஒண்ணுதான் வாங்கினீங்களா, ரெண்டா?"

ராவுத்தர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவும் போனது.

"கடையில" என்றார் கடைசியில். "கிராம்பு டப்பாவுக்குப் பின்னால இருக்கு."

"நாளைக்கு வெள்ளனே நல்லசாமியை வரச் சொல்லுங்க" என்றாள் ரஹ்மத் பீவி. "இல்லாட்டி நானே மாட்டிருவேன்."