வாயால் மூச்சு

பச்சைக் கண்ணாடியைக் கணவரின் காதுகளில் மாட்டிவிடும்போது அவள் விரல் அவர் கன்னத்தில் பட்டது. வழவழவென்று இருந்தது. விடுமுறை நாளில் ஷேவ் செய்கிற ஆளே இல்லை அவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூட முள்ளுமுள்ளாக வந்து நின்று மானத்தை வாங்குவார். இன்றைக்கு என்னவென்றால் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்தார். எல்லாம் நமக்காகத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் முகக்கவசத்துக்குள் சிரிப்பு வந்தது. மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற வயதில் இதென்ன கூத்து என்று வெட்கமும் வந்தது.

"இது எதுக்கு?" என்றார் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து.

"லேசர் வெளிச்சம் கண்ணுல படக்கூடாது. எல்லாருமே போட்டுக்கணும்," என்று சொல்லித் தனக்கும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். அறை முழுக்க பாசி பிடித்த தொட்டிக்குள் போனது மாதிரி ஆயிற்று.

டாக்டரம்மா அவளைவிட வயதில் சின்னவர். கையுறையை இழுத்துவிட்டபடி நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். "பயப்படாதீங்க சார். மெல்லிசா நார் மாதிரி ஒண்ணு, அதோட நுனியில வெளிச்சம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு எடுப்போம். ஆனா இது மந்திரம் இல்ல. பல்லுல படிஞ்ச காறைய முதல்ல சுரண்டி எடுத்துடுவோம், மிச்சத்துக்குத்தான் இது. நீங்க ஒழுங்கா தேய்க்கலைன்னா எந்த லேசரும் வந்து காப்பாத்தாது."

கணவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டில் இதையே அவள் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பாள். தேய்க்கும்போது ரத்தம் வருகிறதே, ஒரு தடவை வந்து காட்டுங்களேன் என்பாள். பல் தேய்த்தால் ரத்தம் வரத்தான் செய்யும், நீ வேலை செய்யும் இடத்துக்கு ஆள் பிடிக்கிறாயா என்று எரிந்து விழுவார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள்.

இந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்த புதிதில், அப்போதிருந்த பெரிய டாக்டர் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தார். முதலாவது, வருகிறவரிடம் வாய் நாறுகிறது என்று மட்டும் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த ஆள் கூனிக் குறுகிப்போவார், மறுபடியும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஈறு கொஞ்சம் வீக்காக இருக்கிறது என்று பதமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, குனிந்து நிற்கும்போது மூக்கை அடைத்துவிட்டு வாயால் மூச்சு விட வேண்டும். முகம் சுளிப்பது கவசத்துக்கு மேலே கண்ணிலேயே தெரிந்துவிடும் என்பார். இரண்டையும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ வாய்களுக்கு மேல் குனிந்து நின்றிருக்கிறாள், ஒருவர் மனமும் நோகவிட்டதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவரிடமும் ஈறு வீக் என்றுதான் சொன்னாள். படுக்கையில் அவர் இந்தப் பக்கம் திரும்பினால் வாயால் மூச்சு விட்டாள். அதுவும் முடியாமல் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். உடம்பு அசதி, தலைவலி, காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று ஏதாவது ஒரு சாக்கு. மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அடுப்பங்கரைக்கு ஓடிவந்து, "அப்பா முத்தம் குடுத்தா நாறுதும்மா," என்றாள். இவள் பளாரென்று ஒரு அறை விட்டாள். குழந்தை அழக்கூட மறந்து நின்றது. அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் விழவில்லை. நல்லவேளை என்று அன்றைக்கு அவளுக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா அளவுக்கம்பியை எடுத்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து எண்ணைச் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தால் கவலை இல்லை. ஐந்து என்றார், ஆறு என்றார், கடைவாயில் ஏழு என்றார். ஒவ்வொன்றும் அவளுக்குச் சுரீரென்றது. யார் யாருக்கோ தட்டிய எண்கள்தான். இன்றைக்கு அவர் பெயருக்கு நேரே தட்டினாள்.

"ஏழு வரைக்கும் விட்டு வெச்சிருக்கீங்களே சார், வீட்டுலயே ஆள வெச்சுக்கிட்டு," என்றார் டாக்டரம்மா சாதாரணமாக.

அவள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாள். உறிஞ்சு குழாயை எடுத்துக்கொண்டு கணவரின் தலைமாட்டில் நின்றாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் வாய்க்குள் இவ்வளவு வெளிச்சத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஈறு உப்பி, கறுத்து, பல்லை விட்டு விலகி நின்றது. கட்டினவளாக அதைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. இந்த மனுஷன் இதை வைத்துக்கொண்டுதானே சிரித்தான், சாப்பிட்டான், சண்டை போட்டான் என்று தோன்றியது. லேசர் 'பீப் பீப்' என்றது. ஈறு ஓரத்தில் மெல்லிய புகை எழும்பியது, முடி கருகுகிற வாடை. குழாயால் அதை உறிஞ்சினாள். கடைவாய்க்குப் போனதும் அவர் கை காற்றில் துழாவி, அவளுடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. மருந்து போட்டு மரத்துப்போன இடம்தான், வலியே இருக்காது. பயத்தில் பிடித்தார். பிடித்ததை விடவில்லை.  இதற்குத்தானே இத்தனை நாளும் காத்துக் கிடந்தோம் என்று நினைத்தாள். இன்றோடு எல்லாம் சரியாகிவிடும், இனி சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டாம்.

கடைசியாக நீலச் சாயம். அதை ஈறுக்குள் செலுத்தி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அதன்மேல் சிவப்பு வெளிச்சம் அடிப்பார்கள். சாயம் குடித்த கிருமி வெளிச்சம் பட்டதும் செத்துவிடும். ஊறுகிற நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தார்.

"அக்கா கூப்பிட்டு இத்தன வருஷமா வராதவரு, இப்ப எப்படி சார் வந்தீங்க?"

கணவர் அவளுடைய கோட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடெல்லாம் நீலம். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்ட்டர் வேலை அவருக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து ஓட்டை வழியாகச் சில்லறை தள்ளியே காலம் போய்விட்டது.

"இப்ப ரெண்டு கவுண்ட்டர ஒண்ணாக்கிட்டாங்க டாக்டர். பக்கத்துல ஒரு மேடம் வந்து உக்காந்தாங்க. வந்த மறுநாளே நாற்காலிய என் பக்கம் திருப்பி, 'சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வாய் ரொம்ப நாறுது, டாக்டர பாருங்க'ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க." சிரித்தார். நீலப் பல் தெரிந்தது. "எனக்கு உசுரே போயிடுச்சு. ஆனா அவங்க ஒருத்தங்கதான் சொன்னாங்க பாருங்க. சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்."

டாக்டரம்மா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, வாயைத் திறங்க சார், என்று சிவப்பு வெளிச்சத்தை எடுத்தார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கவசம் இருந்தது, கண்ணில் பச்சைக் கண்ணாடி இருந்தது, அதனால் ஒன்றும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை அடக்கி வைத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அப்ப நான் சொல்லவே இல்லையா?"

"நீ எங்க சொன்ன?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஈறு வீக்கு, ஈறு வீக்குன்னே. பேஷன்ட்டுகிட்ட பேசற மாதிரியே பேசுன. நாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்ல."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"நீ செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுக்கறப்பல்லாம் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? உனக்கு என்னைப் பிடிக்காம போயிடுச்சுன்னு நெனச்சேன். எவ்ளோ நாள் தூங்காம கெடந்திருக்கேன்." தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். "சரி விடு. அப்புறம் பழகிடுச்சு."

 அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். அவர் அதற்குள் கண்ணாடி முன் போய் நின்று உதட்டில் ஒட்டியிருந்த நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ட்யூட்டிக்குப் போறதுக்குள்ள இது போயிடுமா?" என்று கேட்டார். போயிடும் என்றாள்.

ஈறு மெல்ல மெல்ல இறுகிப் பல்லோடு ஒட்டியது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே வட்ட வட்டமாகத் தேய்க்கிறார், பல்லிடுக்குக்கு நூல் போடுகிறார். என்ன பாட்டு என்று தெரியாத ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே குளிக்கிறார். புறப்படுவதற்கு முன் உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்துக்கொள்கிறார். படுக்கையில் அவள் இப்போது அவர் பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள். அவருடைய முதுகு அசையாமல் கிடக்கிறது. அவரும் வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. அப்படியே படுத்துப் பழக்கம்.

இன்று காலை வாசலில் செருப்பைப் போட்டவர் என்னவோ நினைத்துத் திரும்பி வந்தார். குனிந்து அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினார்.

"இப்ப எப்படி? உண்மையச் சொல்லு."

"சுத்தமா போயிடுச்சு," என்றாள்.

அவர் திருப்தியாகப் படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் குனிந்ததுமே மூக்கு தானாக அடைத்துக்கொண்டிருந்தது. வாயால்தான் மூச்சு விட்டிருந்தாள். இருந்ததா, போயிற்றா, ஒன்றும் தெரியாமலேதான் சொல்லியிருந்தாள்.

உள்ளே வந்து துவைக்க வேண்டியதை வாளியில் போட்டாள். அவருடைய தலையணை உறையை உருவினாள். அதன் நடுவில், பழைய எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், எத்தனை துவைத்தும் போகாத துளி நீலம் ஒட்டிக் கிடந்தது. சோப்புத் தண்ணீரில் அமுக்கப் போனவள் கையை நிறுத்தினாள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். உறையை முகத்தோடு சேர்த்து வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் ஆழமாக இழுத்தாள்.