சமையலறைக்கு எட்டாத அழுகை

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினேன். சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், தோளில் குழந்தையோடு. குழந்தையின் முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, வாய் கோணிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது குழந்தையை அல்ல, அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த பல்பை. அது சிவனே என்று இருந்தது.

"அழுதாளா?"

"அழுதாளாவா? தொண்ட கிழியக் கத்துறா. உன் பல்பு என்னடி பண்ணுது, தூங்குதா?"

என்னோடு பேசும்போது அம்மா முகத்தை நேராக வைத்து, வாயை நன்றாகத் திறந்துதான் பேசுவாள். பிறவியிலேயே எனக்குக் காது கேட்காது. அவள் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சென்று ஒன்றையே கற்றுக்கொண்டேன். அதனால் அவளுடைய கேலி மட்டும் ஒரு சொட்டு சிந்தாமல் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

என் கணவருக்கும் கேட்காது. அச்சகத்தில் அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. அந்த இரைச்சலில் மற்றவர்களெல்லாம் காதை அடைத்துக்கொண்டு அவதிப்பட, தான் ஒருவன்தான் அங்கே நிம்மதியாக இருப்பதாகச் சைகையில் சொல்லிச் சிரிப்பார். குழந்தை பிறந்ததும் அம்மா உதவிக்கு வந்தாள். வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தாள் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. "பேச்சு வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்டி. அப்புறம்னா ஏதாவது வேணும்னா அவளே வந்து உன் துணியப் பிடிச்சு இழுப்பா. இப்ப எப்படி?" வார முடிவில் அப்பா காரில் வந்து அம்மாவை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அந்தக் காரில் குழந்தையும் ஏறுமா என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் அது எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது.

இரவில் கவலை இல்லை. தொட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில், தலையணைக்கு அடியில், அவள் அழுதால் அதிர்கிற வில்லை. பகல்தான் பிரச்சினை. தொட்டிலுக்குப் பக்கத்தில் அழுகையை உணர்கிற சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். அது கூடத்திலிருக்கும் மையப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பல்புகளுக்குச் சொல்லும், பல்புகள் சிவப்பாகச் சிமிட்டும். எல்லாம் கம்பியில்லாமல். கூடத்து பல்பு சொன்னபடி கேட்டது. சமையலறை வீட்டின் மறுகோடியில் இருந்தது. நடுவே தடித்த சுவர்கள், ஒரு இரும்பு பீரோ. அங்கே போய்ச் சேர்வதற்குள் சிக்னலுக்கு மூச்சு வாங்கிவிடும்.

நான் விடவில்லை. மையப் பெட்டி வைஃபை பெட்டியை ஒட்டி இருக்கக்கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். இரைச்சலைப் பற்றி எனக்கே பாடம்! நீளமான கேபிள் வாங்கி, பெட்டியைத் தள்ளி அலமாரி உச்சியில் ஏற்றினேன். சிக்னல் போகும் சேனலை மாற்றினேன். நானும் என் கணவரும் முக்கி முனகி பீரோவை நகர்த்தினோம். கடைசியில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வழிநடையிலிருந்த சுவர் ப்ளக்கில் ஒரு ஸ்மார்ட் ப்ளக்கைச் சொருகினேன். கரண்டில் இருக்கும் வரை அது இந்தப் பக்கம் சிக்னலை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். அன்று அவர் தொட்டிலருகே நின்று அழுது காட்டினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "மாப்ள, போதும், புள்ள பயந்துடும்" என்றாள். சமையலறையில் பல்பு சிவப்பாகச் சிமிட்டியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த வெங்காயம் நறுக்கிய நாள்.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வழிநடை ப்ளக்கின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"அம்மா, இத யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான். அதுல ஒண்ணுமே மாட்டல, சும்மா கெடந்துச்சு. கரண்டு என்ன ஓசியா வருது?"

"அது சும்மா இல்லம்மா! வேல செய்யுது!"

"என்ன வேல செய்யுது, எரியவும் இல்ல, சுத்தவும் இல்ல."

சுவிட்சின் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். மறுநாள் மத்தியானம், பாத்திரம் கழுவும்போது, மறுபடியும் வாசலில் அம்மா, தோளில் அழுகிற குழந்தை. ஓடிப்போய்ப் பார்த்தேன். டேப் ஒட்டியபடியே இருந்தது. திரும்பி வந்து கரண்டியைத் தொட்டியில் வீசினேன். அது என்ன சத்தம் போட்டதோ, குழந்தையின் உடம்பு தூக்கிப்போட்டது. அம்மா இந்தமுறை கேலி செய்யவில்லை. "விடுடி. உன்னால முடிஞ்சதப் பண்ணிட்ட" என்றாள். கேலியே தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் கை வலிக்க வலிக்கச் சொல்லித் தீர்த்தேன். அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். குழந்தை நெளிந்து, உதட்டைப் பிதுக்கி, வாயைப் பாதி திறந்தது. அம்மா ஏதோ துணியை உதறிக்கொண்டிருந்தவள், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அதைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டாள்.

"பாத்தியா?" என்றார் சைகையில்.

"என்னத்த?"

"முழுசா அழக்கூட விடல."

எனக்கு உறைத்தது. இருமினாலும் ஏதாவது விழுந்தாலும் சிமிட்டித் தொலைக்கக் கூடாதென்று, கொஞ்ச நேரம் விடாமல் அழுதால் மட்டுமே கருவி சொல்லும்படி நான்தான் வைத்திருந்தேன். குழந்தை அழுததெல்லாம் கருவியை விட்டு விலகி, அம்மாவின் தோளில், வழிநடை நெடுக.

"நாளைக்கு அவ அழுதா எடுக்காதம்மா. நான் வர்ற வரைக்கும்."

"அழுற புள்ளயப் பாத்துக்கிட்டு மரம் மாதிரி உக்காரவா? என்னால ஆகாதுடி."

"நீ எடுத்துட்டேன்னா, என்னால வர முடியுமா முடியாதான்னு எப்பவுமே தெரியாம போயிடும்மா."

அம்மா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் சமையலறையில் நின்றேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். பால் குடிக்கும் நேரம். மார்பு கனத்து ரவிக்கை நனையத் தொடங்கியது. பல்பு சும்மா இருந்தது. இப்போது அழுகிறாளா? அழுது ஓய்ந்துவிட்டாளா? அம்மா எடுத்துவிட்டாளா? ஓடிப்போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அப்படிப் பார்ப்பதென்றால் இத்தனை பாடு எதற்கு? மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெட்டிகளையும் ப்ளக்குகளையும் விற்றவர்களை, இணையத்தில் எழுதியவரை, அழுகையை எடுக்க மறுக்கும் என் காதை, எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

தட்டின் ஈரத்தில் சிவப்பு விழுந்தது.

ஓடினேன். குழந்தை கைகளை இறுக மூடிக்கொண்டு, உடம்பே வில்லாக வளைந்து அழுதுகொண்டிருந்தாள். தொட்டிலை ஒட்டிய நாற்காலியில் அம்மா. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அதன் மேல் தன் பாரம் முழுவதையும் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாடையில் நின்றது.

குழந்தையை வாரி எடுத்து மார்போடு சேர்த்தேன். பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரமா அழுதாளாம்மா?"

அம்மா ஏதோ சொன்னாள். முகத்தைத் திருப்பாமல், வாயைத் திறக்காமல், உதடுகள் மட்டும் லேசாக அசைய. எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. என்னவென்று திரும்பக் கேட்காமல் அவளைப் பார்த்தபடி நின்றேன். வழிநடையின் கோடியில் சமையலறைச் சுவர் சிவந்து சிவந்து அடங்கியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை இன்னும் வெளியே எடுக்கவில்லை.