தாமரை கேட்ட இத்தாலியன் சப்

இனிமேல் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது விஜயபாஸ்கருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. எட்டு மாதமாக வெளிச் சாப்பாடு கூடாது, வேகவைக்காத எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று கண்டித்துக்கொண்டிருந்தவரே அந்த டாக்டர்தான். லிஃப்டில் இறங்கும்போதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம் உறைத்தது. பக்கத்தில் நின்ற மனைவி கனகாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு டாக்டரின் அறையிலேயே புரிந்துவிட்டிருந்தது.

தாமரைக்குப் பதினேழு வயது. ஒரே பிள்ளை. ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள். ரத்தப் புற்றுநோய். பத்து நாளாக இளநீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. மறுநாள் மதியம் அவளே வாயைத் திறந்து, இத்தாலியன் சப் வேண்டும் என்றாள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கடையில் கிடைக்குமாம்.

விஜயபாஸ்கர் தொழில்பேட்டையில் லாரி கேரேஜ் ஒன்றின் சூப்பர்வைசர். டூட்டிக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நீளமான ரொட்டியைப் பிளந்து நடுவில் கறி வைத்துத் தருவார்கள் என்பதற்கு மேல் அந்தப் பண்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிசாகச் சீவிய கறி வகைவகையாக அடுக்கியிருந்தது. ஒன்று ரோஸ் நிறம், ஒன்று கறுஞ்சிவப்பு, இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. மூன்று வகை எடுத்துக்கொள்ளலாம், எதெது வைக்கட்டும் என்று கவுண்டரில் நின்ற நேபாளிப் பெண் இந்தியில் கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கனகாவுக்கு ஃபோன் போட்டார். அவளுக்கும் தெரியவில்லை. ஃபோனைத் தாமரையின் காதில் வைத்தாள்.

"சலாமி, பெப்பரோனி, டர்க்கிப்பா." குரல் வெறும் காற்றாக வந்தது.

அப்படியே சொன்னார். அந்தப் பெண் அவர் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, டர்க்கி வான்கோழி, மற்ற இரண்டும் பீஃப், பரவாயில்லையா என்று தயங்கிக் கேட்டாள். அவர் வீட்டில் மாட்டுக்கறி நுழைந்ததே கிடையாது.

"அது ரெண்டும் மாட்டுக்கறியாம் பாப்பா. கோழி வைக்கச் சொல்லட்டுமா?"



"தெரியும்ப்பா. நைன்த்லருந்தே ஃப்ரெண்ட்ஸோட சாப்பிடுறேன். ஸாரி."

அவருக்குக் கோபம் வரவில்லை. இந்த நிலைமையிலும் பிள்ளை தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாளே என்றுதான் இருந்தது. மூன்றையும் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறைய வைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கனகா காகிதத்தைப் பிரித்தாள். நகத்தளவு பிய்த்து, தானே மகளின் வாயில் வைத்தாள். தாமரை வெகுநேரம் மென்றாள். விழுங்க முடியவில்லை. கனகா கையை ஏந்தினாள், மகள் அதில் துப்பினாள். இரண்டாவது வாயும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடுங்கப்பா. வேஸ்ட் பண்ணாதீங்க."

விஜயபாஸ்கர் கனகாவைப் பார்த்தார். அவள் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் எடுத்துக் கடித்தார். மகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு பாப்பா."

"எது நல்லாருக்கு?"

அவர் வாயில் எந்த ருசியும் தெரியவில்லை. எது எந்தக் கறி என்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக, "சலாமி" என்றார்.

"எனக்குப் பெப்பரோனிதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூங்கிவிட்டாளா, மூடிய இமைக்குள்ளிருந்து பார்க்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் கடைசித் துண்டு வரைக்கும் தின்றார். கை கழுவப் பாத்ரூமுக்குள் போன கனகா வெகுநேரம் குழாயை மூடவில்லை.

அதற்குப் பிறகு தாமரை ஐந்து நாள் இருந்தாள். எதுவும் கேட்கவில்லை.