மூன்றாவது ஊசி

இரண்டாவது ஊசியும் முறிந்து விழுந்தபோது பட்டறைக்காரருக்கு வந்த ஆத்திரத்தில் இரும்பு குடைகிற அந்த மெஷினையே தூக்கித் தெருவில் வீசியிருப்பார். ஒன்றரை டன் எடை என்பதால் அது தப்பித்தது.

இத்தனைக்கும் மனிதர் பொறுமைக்குப் பேர்போனவர். வாடிக்கையாளர்கள் 'நத்தை' என்று பெயர் வைத்ததைக்கூடப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டவர். வெட்டும் உளியை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோவதென்றால், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற பதம். முப்பது வருஷத்தில் அவர் கையில் ஒரு வேலையும் கெட்டதில்லை.

இன்று கெட்டுவிடும் போலிருந்தது. மெஷின் மேசையில் இருந்த பம்ப் உறை ஒன்றே ஒன்று; அதை வார்த்த அச்சு எப்போதோ உடைந்துபோயிற்று. சாயங்காலம் பம்புக்காரர் வந்து நிற்பார். அதில் குடையும் துளை நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் உறை காயலான் கடைக்குத்தான். உள்சுவரை இருபது இடத்தில் தொட்டுப் பார்த்தால்தான் நடு தெரியும். அதற்குத்தான் ஊசி முனையால் தொட்டு இடம் சொல்லும் இந்தத் தொடு உணரி. கடையில் விற்பதன் விலையைப் பார்த்தவர், பார்த்ததற்கே காசு கேட்பார்களோ என்பது போல் விலைப்பட்டியலை மூடிவிட்டார்.

"இதுல என்ன மாமா இருக்கு, நாமளே செஞ்சிடலாம்" என்றான் மச்சினன், ரேடியோ ரிப்பேர்க்காரன். பழைய பஸ்ஸர்களைப் பிரித்து மூன்று பீசோ வில்லைகளை எடுத்தான். அவற்றின் மேல் மெல்லிய ஸ்பிரிங், அதன் மேல் ஊசி. ஊசி எதிலாவது பட்டால் வில்லை துளி மின்சாரம் தரும். மெஷின் அங்கேயே நிற்கும். பேச்சு அப்படி.

ரிப்பேர் மேசையில் வைத்து விரலால் சுண்டினால் விளக்கு ஒழுங்காக எரிந்தது. மெஷினில் மாட்டினால் ஊமை. உணர்திறனைக் கூட்டினால் தெருவில் லாரி போனதற்கும், பட்டறைக்காரர் தும்மியதற்கும் மெஷின் நின்றது. குறைத்தால் சுவரில் முட்டியும் நிற்காமல் போய் ஊசியை முறித்தது.

"வாசல்ல தும்மினா கேக்குது, மூக்கு மேல இடிச்சா கேக்கல. இது உணரியா, உங்க அக்காவா?"

"என் பேரு அடிபடுதே!" என்று உள்ளே வந்தாள் மனைவி. "மிச்சம் எத்தனை ஊசி?"

"ஒண்ணு."

"எங்க, எப்படித் தொடுறீங்கன்னு காட்டுங்க."

ஊசியில்லாமல் ஓட்டிக் காட்டினார். மெஷின் தலை நகர்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

"மேசையில சுண்டுறீங்க, இங்க தடவுறீங்க. அதுக்கு எப்படித் தெரியும்?"

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ மாமா! மெதுவா அழுத்தினா வர்ற மின்சாரம் வர வரக் கசிஞ்சு போயிடும். இதைச் சட்டுனு தட்டணும். நீங்க என்ன வேகம் வெச்சிருந்தீங்க?"

"பத்திரமான வேகம்."

வேகத்தை முப்பது மடங்கு கூட்டினார்கள். பட்டறைக்காரர் மெஷினை ஒட்டிப் போய் நின்றார். கடைசி ஊசி சுவரை நோக்கிப் பாய, மெஷின் நின்றது.

"நின்னுடுச்சு!" என்றார் பட்டறைக்காரர்.

"எங்க நின்னுச்சு? ஊசி சுவத்துல படவேயில்லை" என்றான் மச்சினன். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் பட்டறைக்காரரின் உள்ளங்கை.

"அது... கை தானா போச்சு."

இரண்டாம் தடவையும் கை தானாகவே போனது. மூன்றாம் தடவையும். மச்சினன் முனகிக்கொண்டே வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"கையைப் பின்னாடி கட்டுங்க" என்றாள் மனைவி.

கட்டினார். கண்ணையும் மூடிக்கொண்டார். டக். விளக்கு எரிந்தது, ஊசி முழுசாக நின்றது. அதே இடத்தில் நாலு தடவை தொட வைத்தார்கள். மெஷின் திரையில் நாலு தடவையும் அதே அளவு.

பட்டறைக்காரர் முகத்தில் சிரிப்பைக் காணோம். "இன்னும் பத்தொன்பது இடம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான் இப்படிக் கைதி மாதிரி நிக்கணுமா?"

மனைவி ஸ்டூலை இழுத்துச் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ ஓட்டுடா தம்பி. பம்புக்காரர் வர்ற வரைக்கும் இவரை நான் பாத்துக்கறேன்."