ஷர்லி எழுதிய ஏழாவது முடிவு

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, ஷர்லி திருச்சியில் பார்த்துவந்த வேலையை விட்டாள். கீரனூர் வீட்டில் பகல் முழுக்க அவளும் மாமனார் சவரியப்பனும்தான். கணவன் ஜெரால்டு காலை ஏழு மணிக்குத் திருச்சி பஸ் ஏறினால், திரும்ப இரவு எட்டு ஆகிவிடும்.

மாமனார் தூங்கும் நேரத்தில் அவள் லேப்டாப்பில் விளையாட்டு எழுதினாள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய்' என்று வரும். ஆடுகிறவர் 'விளக்கை ஏற்று' என்று தட்டினால், அடுத்து நடப்பது வரும். தட்டுவதைப் பொறுத்து முடிவு மாறும். முதல் விளையாட்டு சித்தன்னவாசலில் நடந்தது. ஜெரால்டு அதை ஆடி, மூன்று முறை பாறையிலிருந்து விழுந்து, விழுந்து விழுந்து சிரித்தான்.

ஐந்தாவதை அவனிடம் காட்டவில்லை. வேறு பெயரில் ஓர் இணையதளத்தில் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவள் கறி வாங்கிக்கொண்டு வந்தபோது, அவள் மூடாமல் விட்டுப்போன லேப்டாப் முன்னால் ஜெரால்டு உட்கார்ந்திருந்தான். திரையில் அந்த ஐந்தாவது விளையாட்டு. ஒரு வீடு, படுக்கையில் ஒரு கிழவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள். மொத்தம் எட்டு முடிவுகள். அவன் ஏழாவதுக்கு வந்திருந்தான்.

'அவர் மூச்சு நின்றது. நீ ஜன்னலைத் திறக்கிறாய். உடம்பு லேசாக இருக்கிறது.'

"எங்கப்பா எப்ப சாவாருன்னு பாத்துக்கிட்டு இருக்கியா?"

"கதைங்க. எட்டுல அது ஒண்ணு."

"எழுதுனது ஒன் கைதான?"

"மெதுவாப் பேசுங்க. மாமா முழிச்சிருக்காரு."

"எழுதும்போது அது தெரியலையா ஒனக்கு?"

ஷர்லி கறிப் பையைக் கீழே வைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கி நாலு தடவ விரிப்பு மாத்துனேன். அப்பத் தோணுச்சு. தோணுனத எழுதுனேன். எழுதிட்டுப் போயி அவருக்குக் கஞ்சி குடுத்தேன்."

ஜெரால்டு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"கணவனைக் கூப்பிடுன்னு ஆறு தடவ தட்டுனேன். 'அவர் போனை எடுக்கவில்லை'ன்னே வருது. வேற பதிலே எழுதலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"வேற என்ன எழுதுறதுன்னு தெரியல."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலமே ஷர்லி அந்த விளையாட்டை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டாள். அதுவரை நாற்பத்தொரு பேர் ஆடியிருந்தார்கள். முகம் தெரியாத ஒரு பெண், 'நானும் ஏழாவதுக்குத்தான் வந்தேன். அழுதுவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அதுவும் சேர்ந்து அழிந்தது.

பத்து நாள் இருவருக்கும் பேச்சு குறைந்தே இருந்தது. அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை ஜெரால்டு வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட ஆரம்பித்தான். பழக்கமில்லாத கை; மெத்தையெல்லாம் தண்ணீர்.

"குடுங்க, நான் பாத்துக்கிறேன். பஸ் போயிரும்."

"போகட்டும்," என்றான், திரும்பிப் பார்க்காமல்.

அதில் அன்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவன் நிறுத்தவில்லை, தினமும் செய்தான். ஒரு மாதம் கழித்துச் சாப்பிடும்போது கேட்டான்:

"அடுத்தது எழுதலையா?"

"எழுதணும்."

"எழுதுனா எங்கிட்டக் காட்டு."

"சரிங்க," என்றாள்.

அதன் பிறகு பலமுறை லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். முதல் வரியைத் தட்டியதுமே அதை அவன் படிக்கும் முகம் வந்து நிற்கிறது. அழித்துவிட்டு மூடிவிடுகிறாள்.